கத்தத் தெரிந்த கேமரா

வாசலில் நாலு கேமரா மாட்டிவிட்டால் வீட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பலருக்கும் ஒரு நினைப்பு. உண்மையில் கேமரா வேடிக்கைதான் பார்க்கும். திருடன் வருவதையும் பதிவு செய்யும், போவதையும் பதிவு செய்யும். மறுநாள் போலீசிடம் காட்ட ஒரு வீடியோ மிஞ்சும், அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமென்றால் அது சத்தம் போட்டாக வேண்டும்.

இது புது யோசனையும் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். ரெண்டு பேருக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. வீட்டில் தனியாக இருக்கப் பயம், கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வருவதில்லை. 1966-ல் இருவரும் சேர்ந்து பேடண்டுக்கு விண்ணப்பித்தார்கள், 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் மேலும் கீழுமாக ஓட்டைகள், அவற்றின் பின்னால் ஏறி இறங்கும் கேமரா, உள்ளே ஒரு டிவி, வெளியில் நிற்பவரோடு பேச மைக், ஆபத்து என்றால் அழுத்த ஒரு பட்டன். அந்தப் பட்டனை அழுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்தது மனுஷி. இன்றைக்கு அந்த முடிவை மெஷினிடம் கொடுத்துவிட்டோம். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பல டி.வி.ஆர். பெட்டிகளின் மெனுவில் மோஷன் டிடெக்‌ஷன் பக்கத்துக்குப் போனால் 'ஆடிபிள் வார்னிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அது பெட்டிக்குள் இருக்கும் குட்டி பஸ்ஸர். பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கும். பெட்ரூம் கதவைச் சாத்தி, ஃபேனை அஞ்சில் வைத்துத் தூங்குகிறவருக்கு அது எங்கே கேட்கப் போகிறது?

நிஜமாக ஊரைக் கூட்ட வேண்டுமானால் பெட்டியின் பின்னால் 'அலாரம் அவுட்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் (விலை குறைந்த மாடல்களில் அனேகமாக இருக்காது). அது பொதுவாக வெறும் சுவிட்ச்தான், கரண்ட் தராது. 12 வோல்ட் சைரன் என்றால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். மெயினை இறக்கிவிட்டால் சைரனும் ஊமையாகிவிடும் என்பதால் பேட்டரியும் வேண்டும்.

சரி, சைரன் மாட்டியாச்சு. இனிமேல்தான் புலி வருது கதை. சாதாரண மோஷன் டிடெக்‌ஷனுக்கு மனுஷன், பூனை வித்தியாசமெல்லாம் தெரியாது. படத்தில் புள்ளிகள் மாறினால் கத்தும். கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் லென்ஸ் பக்கம் பறக்கும் பூச்சி பெரிய வெள்ளை உருண்டையாகத் தெரியும். சிலந்தி வலை ஆடினாலும் கத்தும், முருங்கை மரம் ஆடினாலும் கத்தும், தெருவில் பைக் ஹெட்லைட் திரும்பினாலும் கத்தும். மூணாவது ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். நாலாவது ராத்திரி சைரன் ஒயரை யாராவது பிடுங்கிவிடுவார்கள்.

ஆடிட்டிங் பேப்பர் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. எல்லா வவுச்சருக்கும் சந்தேகக் குறி போட்டால் நிஜமான மோசடி அந்தக் குவியலுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பொய் அலாரத் தொல்லை தாங்காமல், 2000-ல் விதியையே மாற்றினார்கள். திருட்டு அலாரம் அடித்தால் முதலில் யாராவது போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும், அப்புறம்தான் போலீஸ் வரும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. படத்தில் தெருவை விட்டுவிட்டு கேட்டுக்கு உள்பக்கம் மட்டும் கட்டம் போடலாம். ராத்திரி பதினொன்றிலிருந்து ஐந்து வரை மட்டும் கத்தச் சொல்லலாம். ஆளை மட்டும் அடையாளம் காணும் கேமராக்கள் இப்போது வந்துவிட்டன. உடம்புச் சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சாரும் நல்லதுதான். ஆனால் அது பார்ப்பது சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை. வேலூர் மே மாத மத்தியானத்தில் அந்த வித்தியாசமே இருக்காது, சென்சார் கொஞ்சம் தடுமாறும். கேட் திறந்தால் டிங்-டாங், வீட்டுக் கதவை நெருங்கினால் மட்டும் சைரன் என்று ரெண்டாகப் பிரிப்பது இன்னும் உத்தமம்.

இன்னொரு சத்தமும் உண்டு, யாரும் மதிக்காத சத்தம். ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ கேமரா இணைப்பு போனாலோ பல டி.வி.ஆர்.கள் விடாமல் பீப் அடிக்கும். தொல்லை தாங்காமல் மெனுவுக்குள் போய் அதை அணைத்துவிடுவார்கள். திரையில் படம் வழக்கம்போல ஓடும், பதிவு மட்டும் ஆகாது. திருட்டு நடந்த அன்றைக்குத்தான் தெரியவரும்.

பிள்ளைகள் வெளியூரில், வயதான அப்பா அம்மா மட்டும் வீட்டில் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் கேட்கும் திறன். பெரும்பாலான பஸ்ஸர்கள் போடுவதோ அதே கீச்சு சத்தம். தூங்குகிறவரை எழுப்ப 520 ஹெர்ட்ஸ் போலத் தாழ்ந்த ஒலிதான் மேல் என்று தீ அலாரக்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டியவர் பகலில் ஹாலில் நின்று ஒரு தடவை அடித்துக் காட்டிவிட்டுப் போவார். காது மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, அப்பா தூங்கும்போது ஒரு ராத்திரி அடித்துப் பார்க்க வேண்டும். அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான்.