தொகுப்பவரின் கடன்

மலிவு விலைப் பொருள் என்றதும் அதன் தரத்தையும் மலிவாகவே எடைபோடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இசைத்தட்டு உலகமும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1953ஆம் ஆண்டு 'கேம்டன்' என்னும் பெயரில் மலிவு விலை வெளியீடுகளைத் தொடங்கியது. நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்நிறுவனம் வளர்ந்த நகரின் பெயரே அது. முன்னர் பதிவான பாடல்களைத் திரட்டிக் குறைந்த விலையில் மீண்டும் தருவது அதன் முதன்மைப் பணி. முழு விலை கொடுக்க இயலாதவரின் இல்லத்திலும் பாடல் ஒலிக்க அது வழி செய்தது. இத்தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும், அவ்வரிசையில் 1972 நவம்பரில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் 'பர்னிங் லவ்' என்ற பாடலையும், அவருடைய திரைப்படங்களின் 'வெற்றிப் பாடல்களையும்' கொண்டது என அதன் உறை அறிவித்தது. மொத்தம் பத்துப் பாடல்கள். அவற்றுள் எட்டு, 1960 முதல் 1967 வரை வெளிவந்த அவருடைய படங்களில் இடம்பெற்றவை. அவற்றுள் எதுவும் தனித்தட்டாக வந்து பெருவெற்றி கண்டதில்லை. 'பர்னிங் லவ்' பாடலோ அவ்வாண்டு மார்ச் மாதத்தில்தான் பதிவானது. அமெரிக்கப் பாடல் வரிசையில் இரண்டாம் இடம் வரை உயர்ந்தது. அவர் வாழ்நாளில் அவ்வரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்த கடைசிப் பாடலும் அதுவே.

முப்பத்தேழு வயதில் புதுவேகத்துடன் பாடிய கலைஞனின் பாடலை, ஒரு புதிய தொகுதிக்குத் தலைப்பாடலாக்கியிருக்கலாம். வணிகர்களோ அதனைப் பழைய சரக்கை விற்கும் தூண்டிலாக்கினர். விலை குறைவாக இருந்தது குற்றமன்று. வெற்றி பெறாதவற்றை வெற்றிப் பாடல்கள் என்று எழுதியதே குறை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. 1973 மார்ச்சில், அதுவரை பதிவான தம் பாடல்களின் விற்பனையில் இனி வரவேண்டிய உரிமைத்தொகை முழுவதையும் எல்விஸ் சுமார் 54 இலட்சம் டாலருக்கு அதே நிறுவனத்திடம் விட்டுக்கொடுத்தார். அத்தொகையும் அவருடைய மேலாளர் டாம் பார்க்கருடன் பங்கிடப்பட்டது. 1977 ஆகஸ்ட் 16 அன்று, 42ஆம் வயதில் அவர் மறைந்தார். அதன்பின் அவருடைய இசைத்தட்டுகள் பெருவாரியாக விற்றன. ஆனால் அப்பழைய பாடல்களுக்கான உரிமைத்தொகை அவர் மகளைச் சேரவில்லை. அவர் இளமையின் குரலைத் தொகுப்பவரும் பிறர். அதன் பயனைத் துய்ப்பவரும் பிறர்.

பங்குப் பணியில் இருக்கும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. அடக்கத் திருப்பலிக்கு முன்னர் குடும்பத்தாரிடம் நாலு செய்தி கேட்டறிந்து, எழுபது ஆண்டு வாழ்வைப் பத்து நிமிடங்களில் தொகுத்துரைக்க வேண்டியவர்களாய் இருக்கிறோம். மகன் ஒன்றைச் சொல்லச் சொல்வார். மருமகள் வேறொன்றை விடச் சொல்வார். பெட்டிக்குள் கிடப்பவர் தம் பாடலைத் தாமே தேர்ந்துகொள்ள முடியாது. அந்நேரத்தில் அவருடைய சிறந்த செயல் ஒன்றை முன்னிறுத்தி, குடும்பத்தின் பெருமைக்காக எட்டுப் பொய்களை அதனுடன் கட்டி விடுதல் எளிது.

அன்பர்களே, தந்தையைப் பற்றி மக்களும், ஆசிரியரைப் பற்றி மாணவரும் நாள்தோறும் தொகுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு வாழ்வின் உயர்ந்த பாடலும் சாதாரணப் பாடலும் ஒரே தட்டில் இடம்பெறலாம். சாதாரணமானதும் அவர் பாடியதுதானே! ஆனால் எது எத்தகையது என்பதை உறையின்மேல் உண்மையாக எழுதுவோம். தமக்காகப் பேச இயலாதவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.