தலத்தெருவில் தொள்ளாயிரம் புளியங்கொட்டை

பாண்டிச்சேரிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாட்டுச் சட்டையில் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறது காரைக்கால். 1739-ல் வந்த பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பரில்தான் ஆட்சியை விட்டுக் கிளம்பினான். அவன் விட்டுப்போன சொத்தில் முக்கியமானது அந்த எல்லைக்கோடு. அதைத் தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் திடீரென்று தாகம் எடுக்கும். காரைக்காலை ஒட்டிய தலத்தெருவில் அந்த அவசரமெல்லாம் இல்லை. சிவன் கோயில், திண்ணை, மத்தியானத் தூக்கம்.

மாங்கனித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையாருக்காக மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். தலையில் வாங்கினால் வலிக்கும், கையில் வாங்கினால் புண்ணியம். மறுநாள் தலத்தெருவில் நண்பன் வீட்டுத் திண்ணையில் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்தோம். பிரான்ஸிலிருந்து லீவில் வந்த அவன் மாமா சீட்டுக்கட்டைப் பிரித்தார்.

‘‘ரம்மியா மாமா?’’

‘‘போக்கர். ஒரே டேபிள். கடைசி ஆள் மிஞ்சற வரைக்கும்.’’

ஆளுக்கு 100 புளியங்கொட்டை, 2 மாம்பழம் கட்டணம். சேர்ந்த 18 பழத்தில் முதல் ஆளுக்கு 9, இரண்டாமவருக்கு 5, மூன்றாமவருக்கு 4. மற்றவர்களுக்கு மோர். (மாம்பழமும் பணயம்தானே என்று வக்கீல் வாசகர்கள் கடிதம் போட வேண்டாம். சாப்பிட்டாகிவிட்டது.)

மாமா காரணத்தோடுதான் ஆட்டம் வைத்தார். நண்பன் செல்போனில் இதே ஆட்டத்தில் நாற்பதாயிரம் விட்டிருந்தான். வீட்டில் தெரியாது. மாமாவுக்கு மட்டும் தெரியும்.

பி.காம். படித்தவனுக்கு இந்த ஆட்டம் உடனே பிடித்துவிடும். யோசியுங்கள்: 100 கொட்டையின் மதிப்பு 2 பழம். 900 கொட்டையையும் அள்ளினால் 18 பழம் வர வேண்டும். வருவதோ 9! அதாவது கொட்டை கூடக்கூட ஒரு கொட்டையின் மதிப்பு குறைகிறது. பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்த ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி வாய்ப்பில் எல்லாவற்றையும் வைப்பது நஷ்ட வியாபாரம். நல்ல கை வரும்வரை கவிழ்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படியே கடைசிவரை இருந்தால்? அதற்கும் ஆப்பு உண்டு. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்ட வேண்டிய ‘பிளைண்ட்’. முதலில் 1, 2. கால் மணிக்கொரு தரம் ஏறி 5, 10. வீட்டு வாடகை மாதிரி. கையிருப்பு பெரிய பிளைண்டைப்போல் பத்து மடங்குக்குக் கீழே இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. மொத்தமும் வை, இல்லை கவிழ்.

நான் ஜோடி ஆஸோடு மொத்தமும் வைத்தேன். எதிராளி ஜோடி ஏழு. ஐந்தில் நாலு தடவை நான் ஜெயிக்க வேண்டும். மூன்றாவது ஏழு வந்தது. மோர் நன்றாக இருந்தது.

அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற அக்கவுண்டன்ட் (நிஜப் பெயர்தான்!) 86 டாலர் கட்டி இன்டர்நெட்டில் தகுதி ஆட்டம் ஆடி, 2003-ல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். நண்பனுக்கு அந்தக் கதை மனப்பாடம். மாமா கேட்டார்: ‘‘தோத்த மீதி 838 பேர்ல ஒருத்தன் பேரு சொல்லு.’’

அடுத்து ஒரு கணக்கு கேட்டார். நண்பன் ஆடிய ஆட்டத்தில் 100 ரூபாய்ப் பந்தயத்துக்குக் கம்பெனிக்கு 10 ரூபாய் தனி. ஒன்பது பேர் கட்டுவது 990, திரும்பி வருவது 900. எல்லாரும் சம திறமைசாலிகள் என்றால் எல்லாருக்குமே நஷ்டம். எதிராளியைவிடக் கெட்டிக்காரனாக இருந்தால் போதாது, அந்தப் பத்தையும் தாண்ட வேண்டும்.

சட்டமும் இதில் நிறைய அலைந்திருக்கிறது. தமிழ்நாடு 2022-ல் போட்ட சட்டம் காரைக்கால் எல்லையில் நின்றுவிடும். ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவற்றை அந்தத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது. அதற்கு எல்லைக்கோடு கிடையாது.

திண்ணையில் நாலு பேர் மிஞ்சினார்கள். மாமாவிடம் 500 கொட்டை, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 230, நண்பனிடம் 150, மளிகைக்கடைக்காரரிடம் வெறும் 20. நாலாவது ஆளுக்கு மோர்தான். மாமா மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். நண்பன் கையில் ஆஸும் ராணியும். போனில் என்றால் யோசிக்காமல் பாய்ந்திருப்பான். மளிகைக்கடைக்காரரின் 20-ஐப் பார்த்தான். அவர் பிளைண்ட் கட்டும் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. பெருமூச்சு விட்டுக் கவிழ்த்தான்.

மாமா தன் சீட்டைத் திருப்பினார். ஏழும் ரெண்டும்! இருப்பதிலேயே மட்டமான கை.

‘‘அய்யோ மாமா, நான்தான் ஜெயிச்சிருப்பேன்!’’

‘‘இருக்கட்டும்டா. நீ கவிழ்த்தது சரி.’’

இரண்டே ஆட்டத்தில் மளிகைக்கடைக்காரர் மோருக்கு எழுந்தார். நண்பன் மூன்றாவதாக வந்தான். நாலு பழத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தான். வட்டிக்கு வாங்கிய பாக்கிக் கணக்கு.

‘‘நீ பி.காம்தானே? இதைக் கொஞ்சம் பாரு’’ என்றான்.