பட்டாளத்து அத்தை

எகிப்து நாட்டிலே 1958ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட படமொன்றை அண்மையில் நம் இல்லத்திலே பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து கண்டோம். ‘அல்ஜீரிய ஜமீலா’ என்பது அதன் பெயர். பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி, 1957இல் பிடிபட்டு, வதையுண்டும் தோழரைக் காட்டிக்கொடாமல், மரண தண்டனை பெற்ற ஜமீலா பூஹிரத் எனும் இளமங்கையின் கதை அது. யூசுப் ஷாஹீன் இயக்கினார். மாஜிதா எனும் நடிகை தாமே தயாரித்துத் தலைவியாகவும் நடித்தார். படம் வெளிவந்த நாளிலே உண்மை ஜமீலா சிறையிலே கிடந்தார்! 1962இல்தான் விடுதலை பெற்றார். உயிரோடிருந்த வீராங்கனையை உற்ற வேளையிலே உலகறியச் செய்தனர் அந்நாட்டுக் கலைஞர்.

நீதிமன்றத்திலே ஜமீலா நிமிர்ந்து நிற்கும் காட்சி வந்தது. நம் கண்ணுக்கோ மாஜிதா தெரியவில்லை. நாம் பிறந்து வளர்ந்த லாயாங் லாயாங் தோட்டத்தின் மேல் லயத்து அத்தையே தெரிந்தார்!

லாயாங் லாயாங் என்றால் மலாய் மொழியிலே பட்டம். ஒரு பறவைக்கும் அதுவே பெயர். இரண்டும் வானிலே திரிவன. அவ்வூர்ப் பெண்டிரோ விடியுமுன் பெரட்டு, விடிந்தபின் நிரை, பொழுது சாய்ந்தால் அடுப்பு என்று தரையிலே தேய்ந்தனர். அத்தையும் அவர்களுள் ஒருவர். ஆனால் நடை மட்டும் வேறு. நெஞ்சை நிமிர்த்தி, கையை வீசி நடப்பார். ‘பட்டாளத்து அத்தை’ என்று பட்டம் சூட்டி, அவர் பின்னே ‘லெப்டு, ரைட்டு’ என்று கத்திக்கொண்டு ஓடிய சிறுவர் கூட்டத்திலே நாமும் இருந்தோம்.

அந்நடை எங்கே கற்றது? 1943ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். மருத்துவர் லட்சுமி தலைமை ஏற்றார். கோலாலம்பூர் ஜானகி பதினெட்டாம் வயதிலே தம் அணிகலனைக் கழற்றிக் கொடுத்துப் படையிற் சேர்ந்தார். அவர்தம் பெயர்கள் வரலாற்றிலே நின்றன; நிற்கட்டும். ஆனால் அணிவகுப்பிலே நின்றோரிற் பெரும்பாலோர் யார்? பால்மரம் வெட்டிய கையிலே துப்பாக்கி ஏந்திய, எழுத்தறியாத தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அல்லரோ! அவர்தம் பெயர்களை யார் எழுதி வைத்தோம்?

அப்படைக்குத் துணைநின்ற ஜப்பானியரே நம் ஆடவரைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிச்சென்று மாய்த்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. பசி துரத்த வந்தோரும் இருந்திருப்பர். போர்முனையிலே அவர்கள் வெற்றி காணவுமில்லை. 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. திரும்பும் வழியிலே ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் எனும் இருவர் மாண்டனர். எஞ்சியோர் ஊர் திரும்பினர். ஊர் என்ன கேட்டது? “பட்டாளத்துக்குப் போனவளை யார் கட்டிக்கொள்வான்?” என்று கேட்டது! வெள்ளையனை எதிர்த்தவளுக்கு வீட்டார் அளித்த பரிசு இது.

ஒருநாள் பால் நிறுக்குமிடத்திலே, கணவனை இழந்த ஒருத்தியின் பாலைக் குறைத்து எழுதினார் கிராணி. அத்தை தம் வாளியைக் கீழே வைத்தார், நிமிர்ந்து நின்றார். “மறுபடி நிறுங்கள், ஐயா” என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. அடுத்தவள் வாளியை வைத்தாள், அதற்கடுத்தவளும் வைத்தாள். பால் மறுபடி நிறுக்கப்பட்டது, கணக்குத் திருத்தப்பட்டது. வேலியோரம் நின்ற நாமோ, அவர் நின்ற நிலையைக் கண்டு சிரித்தோம்!

பின்னாளிலே நூல்கள் பல கற்றோம். மேடைகளிலே பெண்ணுரிமை பேசினோம். விடுமுறைதோறும் ஊர் சென்றும், “அத்தை, பர்மாவில் என்ன கண்டீர்கள்?” என்று ஒரு நாளும் கேட்டோமில்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அவர் கதை அவரோடு போயிற்று. அவருக்கு இட்ட பட்டப்பெயர் நினைவிருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் நமக்குத் தெரியாது. இதனினும் வெட்கம் வேறுண்டோ?

படம் முடிந்தது. “நம்மிலே இப்படி யாரும் இல்லையா, தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். இருந்தார் என்றோம், பெயர் என்ன என்றாள், வாய் திறக்க இயலவில்லை.

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியடியிலே பழைய படமொன்று கிடக்கலாம்; உங்கள் லயத்திலே அவரை அறிந்த முதியவர் ஒருவர் இன்னும் இருக்கலாம். இன்றே சென்று கேளுங்கள். வேறொன்றும் வேண்டா, பெயரை மட்டுமேனும் எழுதி வையுங்கள்.