கணக்குப் போடும் பூட்டு

திருடனுக்குப் பயந்து பூட்டு வாங்குகிறோம். அந்தப் பூட்டே ஒருநாள், 'இரு, ஒரு கணக்குப் போட்டுட்டு வரேன்' என்று உட்கார்ந்துவிட்டால்?

சிரிக்காதீர்கள். 2022-ல் அப்படி ஒரு பூட்டு பிடிபட்டது. பெயர் ஓப்பன்எஸ்எஸ்எல். ஏராளமான வெப்சைட்டுகள் ரகசியம் காக்க நம்பியிருக்கும் இலவச சாஃப்ட்வேர். (நீங்கள் பாஸ்வேர்டு தட்டும்போது திரைமறைவில் உழைப்பது இதுவாகவும் இருக்கலாம்.)

சொன்னவன் என் மைத்துனி மகன். ஒரு கம்பெனியில் ராத்திரி ட்யூட்டி பார்த்து ஸர்வர்களைக் கட்டி மேய்ப்பவன்.

"எவ்வளவு திருட்டுப் போச்சு?" என்றேன்.

"இதை வெச்சுத் திருட முடியாது பெரியப்பா. ஸர்வரை முடக்கலாம், அவ்வளவுதான்."

"அப்ப நிம்மதிதானே?"

பதிலுக்கு ஒரு கணக்குக் கேட்டான். "எந்த எண்ணை அதாலேயே பெருக்கி 7-ஆல வகுத்தா மீதி 2 வரும்?"

"3. மூமூணு ஒன்பது, மீதி 2."

"கரெக்ட். கம்ப்யூட்டரும் பிரம்மாண்டமான எண்களை வெச்சு இதைத்தான் போடுது. ஆனா 7 இருக்கிற இடத்துல பகா எண்தான் இருக்கணும். யாராவது விஷமமா வேற எண்ணைத் திணிச்சா, விடை வராம சுத்திக்கிட்டே இருக்கும். விடிய விடிய!"

எப்படித் திணிப்பது? கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்குமுன் சர்டிபிகேட் காட்டவேண்டும். நம் வாட்ச்மேனோ, அட்டையில் உள்ள கையெழுத்து அசலா என்று பார்க்குமுன்பே அதிலிருக்கும் கணக்கைப் போட ஆரம்பித்துவிடுகிறார். ஆக, போலி அட்டையே போதும். மனிதர் நிமிரமாட்டார். பின்னால் வரிசை நீளும்.

வரிசையில் நிற்கிறவன் கஷ்டம் எனக்குத் தெரியும். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். ஒரு பேங்க்கின் வெப்சைட், என்ன காரணமோ, சாயங்காலம்வரை சக்கரம் சுற்றியது. பணம் அக்கவுண்ட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. அவள் சீட்டுதான் அந்தரத்தில் தொங்கியது. ஆறு மணிக்குமேல் பணம் போய்ச் சேரும்வரை பெண் ஒரு வாய் சாப்பிடவில்லை. 'ஒண்ணும் திருட்டுப் போகலையே' என்று அவளிடம் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓப்பன்எஸ்எஸ்எல் கோளாறைக் கண்டுபிடித்தவர் கூகுளின் டாவிஸ் ஆர்மண்டி. பிப்ரவரி 24-ல் தெரிவித்தார். மார்ச் 15-ல் திருத்திய பதிப்பு வெளியானது. நம்ம பையன் தூக்கம் முழித்து ஒவ்வொரு ஸர்வராக மாற்றினான். மறுநாள் கம்பெனியில் வேலை வழக்கம்போல் நடந்தது. யாருக்கும் எதுவும் தெரியாது.

"ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலையா?"

"ஒண்ணும் நடக்கலைன்னா யார் தேங்க்ஸ் சொல்வாங்க பெரியப்பா?"

நான் சொன்னேன்.