கடுகளவு வடிகட்டி

ஜூன் 1, 2025, ஞாயிறு

அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேடி மரப் பீரோவின் மேல்தட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். கையில் தட்டுப்பட்டது அந்தக் கறுப்புப் பெட்டி. திறக்கும் முன்பே என்னவென்று தெரிந்துவிட்டது. எட்டிமோட்டிக் ஈ.ஆர்-4பி. 2004-இல் சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி எனக்கென்று வாங்கிவந்த இயர்போன். அன்றைக்கு அதன் விலை முந்நூறு டாலரை ஒட்டி இருந்தது. “அக்கா, இதுல பாட்டு கேட்டா அப்புறம் வேற எதுலயும் கேக்க மாட்டே. ஆனா முதல்ல காது வலிக்கும், பொறுத்துக்கோ” என்றான். அவன் சொன்ன இரண்டும் நடந்தன.

மாம்பலத்திலிருந்து கடற்கரை வரை மின்ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலம் முழுக்க அது என் காதில் இருந்தது. பிறகு இயர்போன் துளையே இல்லாத போன் வந்தது. ஒயர் இல்லாத இயர்பட்ஸும் வந்தது. இது பீரோவுக்குள் போய் எட்டு வருடமாவது ஆகியிருக்கும்.

பென்சில் துண்டு மாதிரி இரண்டு கறுப்பு உருளைகள். நுனியில் மூன்றடுக்குக் குடை, சின்னக் கோபுரம் போல. வெள்ளையாக இருந்த ரப்பர் மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒயரில் வெடிப்பு இல்லை. பெட்டியின் ஓரத்தில் ஒரு சிறு உறை, பிரிக்காமலே கிடக்கிறது. என்னவென்று பார்க்கவில்லை. சீட்டுதான் முதலில் கிடைக்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

குடைகளைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்தினேன். மகனிடமிருந்து போனுக்கான மாற்றியை வாங்கிக்கொண்டேன். இரவு எல்லோரும் படுத்தபிறகு உட்கார்ந்தேன்.

இதைப் போட்டுக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. குடையை லேசாக நனைக்க வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் உள்வழி நேராகும். அப்போது மெல்லத் திருகித் திருகி உள்ளே செலுத்த வேண்டும். கை எதையும் மறந்திருக்கவில்லை. மூன்றாவது அடுக்கு உள்ளே போனதும் மின்விசிறி நின்றுவிட்டது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 35 முதல் 42 டெசிபல் வரை வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்று தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை, வெறும் அடைப்புதான்.

எம்.டி. ராமநாதனை வைத்தேன். ‘சாமஜவரகமனா’, ஹிந்தோளம். குரல் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. இடது காதில் ஏதோ தூரத்து வானொலி மாதிரி, சன்னமாக.

பயந்துபோனேன். எனக்கு 52 வயது. அம்மாவுக்கும் இப்படித்தான் ஒரு பக்கமாக ஆரம்பித்தது. இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டேன். சன்னமான சத்தம் இப்போது வலது காதுக்கு வந்தது. ஆக, குறை காதில் இல்லை, கருவியில்தான். மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு வருத்தமும் வந்தது: இருபது வருடம் இருந்த பொருள், ஒரு பக்கம் போய்விட்டது.

ஜூன் 4, புதன்

அம்மாவைக் காது கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். ஒரு வாரமாக வலப்பக்க மெஷின் பேசவில்லை. “அது செத்துப்போச்சு, விடு. இருக்கிற காது போதும்” என்று ஆட்டோவில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அங்கிருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மெஷினை விளக்குக்கு அடியில் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒரு பார்வை பார்த்தார். “பேட்டரி நல்லா இருக்கு மேடம். வேக்ஸ் கார்டு அடைச்சிருக்கு.” அம்மாவுடையது, காதுக்குப் பின்னால் உடலும் காதுக்குள் ஸ்பீக்கரும் உள்ள வகை. அந்த ஸ்பீக்கரை அவர்கள் ரிசீவர் என்கிறார்கள். அதன் வாயில் கடுகளவு ஒரு வெள்ளை வடிகட்டி. பல்குச்சி மாதிரி ஒரு குச்சியை எடுத்தார். ஒரு முனையைச் செருகி இழுத்தார், பழையது வந்தது. குச்சியைத் திருப்பி மறுமுனையை அழுத்தினார், புதியது உட்கார்ந்தது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“பாட்டி, இப்ப கேக்குதா?”

“கத்தாதேம்மா. நல்லாவே கேக்குது.”

அம்மாவுக்கு இன்னொரு புகார் இருந்தது. என்னிடம் ஆறு மாதமாகச் சொல்லிவந்தாள், நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை. “இதைப் போட்டுக்கிட்டுப் பேசினா பானைக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்கு. சாப்பிட்டா உரல் இடிக்குது.” அந்தப் பெண் உடனே புரிந்துகொண்டார். நம் குரலின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுக் குழாயின் சுவருக்கும் வருகிறது. குழாயின் வாய் திறந்திருந்தால் அது வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் உள்ளேயே முழங்கும். ரிசீவரின் மேலிருந்த மூடிய டோமைக் கழற்றி, ஓட்டைகள் உள்ள திறந்த டோமைப் போட்டார். அம்மாவுக்குக் குறைந்திருப்பது மேல் ஒலிகள் மட்டும்தான் என்பதால் இது போதுமாம். அம்மா தன் பெயரைத் தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. 2004-இல் இந்த இயர்போனை மாட்டிக்கொண்டு முறுக்கு கடித்தபோது ஆட்டுக்கல் சத்தம் கேட்டது எனக்குந்தானே! குழாயின் முன்பாதி குருத்தெலும்பு. அங்கே நிறுத்தினால் முழக்கம் அதிகம். எலும்புப் பகுதி வரை ஆழமாகச் செலுத்தினால் குறையும். பத்து நாள் பழகித்தான் அதைக் கற்றேன். அம்மா சொன்னது நான் பட்ட அதே கஷ்டம்தான். மெஷினை ஒதுக்க அவள் சொல்லும் சாக்கு என்று ஆறு மாதம் நினைத்திருந்தேன்.

ஜூன் 5, வியாழன்

விடிந்ததும் பீரோவைத்தான் திறந்தேன். ஞாயிறன்று பிரிக்காமல் வைத்த உறைக்குள் பச்சை நிறத்தில் மாற்று வடிகட்டிகளும், திருகுமுனை கொண்ட ஒரு சிறு கம்பியும் இருந்தன.

இடப்பக்கக் குடையைக் கழற்றினேன். உலோக மூக்கின் நுனியில் பழைய பச்சை வடிகட்டி, ஓரத்தில் பழுப்பேறி, நடுவில் படலம் கட்டி அடைத்திருந்தது. கம்பியின் முனையை அதில் ஊன்றி மெதுவாகத் திருகினேன். ரவை நொறுங்குவது போல ஒரு சின்ன உணர்வு விரலுக்கு வந்தது. நேராக இழுத்தேன், வந்துவிட்டது. வெளியே எடுத்ததை மறுபடி போட முடியாது, உடைந்துதான் வரும். புதியதை வாயில் நிறுத்தி, மேசைமேல் தட்டையாக அழுத்தினேன். வலப்பக்கமும் அப்படியே. இது அழுக்கை மட்டும் தடுப்பதில்லை. மேல் ஒலியில் எழும் ஒரு கூர்மையை அடக்குவதும் இதுதான். வடிகட்டி இல்லாமல் கேட்டால் ‘ஸ’கரம் காதைக் குத்தும்.

மாட்டினேன். குரல் நட்டநடுவில் வந்து நின்றது.

காது மெஷினுக்கும் இயர்போனுக்கும் ஒரே வைத்தியம் பலித்தது தற்செயல் இல்லை. இந்த இயர்போனைச் செய்தவர் மீட் கில்லியன். கேட்கும் கருவிகளுக்கான நுண்பாகங்களைச் செய்யும் நோல்ஸ் குழுமத்தில் வேலை பார்த்தவர். 1983-இல் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய எல்க் குரோவ் வில்லேஜில் எட்டிமோட்டிக் ரிசர்ச்சைத் தொடங்கினார். ‘காதுக்கு உண்மையான’ என்று பொருள்படும்படி அவர்களே ஆக்கிக்கொண்ட சொல் அது. முதலில் ஆய்வுக்கும் காதுப் பரிசோதனைக்குமான ஒலிக்கருவிகளைத்தான் செய்தார்கள். அம்மாவுக்குப் பரிசோதனை செய்தபோது மஞ்சள் பஞ்சுமுனையும் நீளக் குழாயுமாகக் காதில் வைத்தார்களே, அந்த வகையில் உலகெங்கும் புழங்கும் ஈ.ஆர்-3ஏ இவர்களுடையதுதான். பாட்டு கேட்பதற்கான ஈ.ஆர்-4 1991-இல் வந்தது. 2016 வரை, கால் நூற்றாண்டு, அதே வடிவில் விற்றார்கள்.

உள்ளே இருப்பதும் கேட்கும் கருவியின் ரிசீவர் இனம்தான்: பேலன்ஸ்ட் ஆர்மேச்சர். இரண்டு காந்தங்களுக்கு நடுவே எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் ஓர் உலோக நாக்கு. அதைச் சுற்றிய கம்பிச்சுருளில் பாட்டின் மின்சாரம் பாயும்போது நாக்கு துடிக்கிறது. மெல்லிய ஊசி ஒன்று அந்தத் துடிப்பை ஒரு சவ்வுக்குக் கடத்துகிறது. ஒரு காதுக்கு ஒன்றே ஒன்று. இன்று ஆறு, எட்டு என்று அடுக்கிச் செய்கிறார்கள்.

ஜூன் 7, சனி

விடுமுறை. மூன்று மணி நேரம் கேட்டேன்.

காதுக்குழாய் இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல். குழலுக்கென்று ஒரு சுருதி உண்டு அல்லவா, அதுபோல நம் காது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கிறது. இயர்போன் வைத்து அடைத்ததும் அந்தத் தூக்கல் போய்விடும். போனதை அளந்து திருப்பிக் கொடுப்பதுதான் கில்லியன் செய்த காரியம். அதனால்தான் இதில் குரல் தலைக்குள் செய்யப்பட்டது போல இல்லாமல், எதிரே உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது.

வி.எஸ். நரசிம்மனின் வயலின், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986-இல் கேசட்டாகக் கேட்டுத் தேய்த்தது. வில் திரும்பும் இடத்தில் தந்தியை விட்டுப் பிடிக்கும் அந்த மயிரிழை இடைவெளி கேட்கிறது. மீண்டும் ராமநாதன். பழைய கச்சேரிப் பதிவு. நாடா இரைச்சல் ஒளிவுமறைவில்லாமல் வருகிறது. அதற்குப் பின்னால் தம்புரா, ஒவ்வொரு மீட்டலும் விரிந்து அடங்குவதற்குள் அடுத்தது. மிருதங்கத்தின் வலந்தலை துல்லியம். தொப்பி அளவாகத்தான் வருகிறது, வயிற்றில் வந்து இடிக்காது. அடி அதிரும் பாட்டு வேண்டுமென்பவர்கள் இதை வாங்கினால் ஏமாந்துபோவார்கள். ஒயர் சட்டையில் உரசினாலும் டமடமவென்று காதுக்குள் கேட்கும்; கிளிப் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாயிரம் ரூபாய்க்கு இன்று கிடைக்கும் சில ஒயர் இயர்போன்கள் நன்றாகவே பாடுகின்றன. மகனுடையதைப் போட்டுப் பார்த்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதன் அடைப்புக்கு அருகில் அது வராது. அடைப்பு நன்றாக இருப்பதால் ஒலியைக் கூட்டவே தேவையில்லை; ரயிலின் இரைச்சலை ஜெயிப்பதற்காகத்தானே எல்லோரும் கூட்டுகிறோம். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்; அதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. மூன்று டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகிவிடும். பிள்ளைகள் வைத்துக் கேட்கும் அளவைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

குடையை மாற்றலாம், வடிகட்டியை மாற்றலாம், ஒயரைக்கூடக் கழற்றி வேறு மாட்டலாம். இந்த எட்டு வருடத்தில் நான் வாங்கிய ஒயர் இல்லாத இயர்பட்ஸ் மூன்று ஜோடி. மூன்றும் பேட்டரி போய்க் குப்பைக்குப் போனவை. இதுதான் நல்ல பொருள் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்னது அது, உனக்கும் மெஷினா?”

மெஷினைக் கழற்றிவைக்கச் சொல்லி, மூன்றடுக்குக் குடைக்குப் பதில் பெட்டியிலிருந்த மெத்தென்ற பஞ்சுமுனைகளை மாட்டி, அவள் காதில் மெல்ல வைத்தேன். ஒலியைச் சற்றுக் கூட்டினேன். ராமநாதன்.

அம்மாவுக்குப் போனவை மேல் ஒலிகள். ‘பால்’ என்றால் ‘கால்’ என்று கேட்பது அதனால்தான். உயிரொலி வந்துவிடும், மெய்யின் கூர்மை வராது. ஆனால் ராமநாதனின் குரல் கீழே, அதலத்தில் நடக்கிற குரல். அவளுக்கு இன்னும் முழுதாக மிச்சமிருக்கும் பகுதி அதுதான். கண்ணை மூடிக்கொண்டாள். தொடையில் விரல் தாளம் போட்டது. ஆதி, சரியாக எட்டு.

“திருச்சி ரேடியோல கேப்போம்” என்றாள் சத்தமாக, தன் குரலின் அளவு தெரியாமல். “உங்க தாத்தா சமையக்கட்டுல யாரும் பாத்திரத்தை உருட்டக் கூடாதும்பார்.”

பாட்டு முடிந்ததும் தானாகவே மெஷினைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இதைப் படிப்பவர் வீட்டிலும் ஒரு பெரியவர் ‘மெஷின் செத்துப்போச்சு’ என்று கழற்றி டப்பாவில் போட்டு வைத்திருக்கலாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், ரிசீவரின் நுனியிலுள்ள அந்த வெள்ளை வடிகட்டியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அட்டைக்கு எட்டு வரும்.