ஒத்திகை இல்லை, பாடம் உண்டு

திருவிழாக் காலத்துச் சாயங்காலங்களில், மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலிருந்து தேனி, திண்டுக்கல் பக்கம் கிளம்பும் பஸ்களில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் உடுப்புப் பெட்டியோடு ஏறுவதைப் பார்க்கலாம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். நோட்டீஸில் பெயர்கள் சேர்ந்து வந்திருக்கும்; ஆட்கள் சேர்வது அன்று ராத்திரி மேடையில்தான். ஒத்திகையும் கிடையாது, இயக்குநரும் கிடையாது. அதனால் பபூனின் நகைச்சுவை அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் என்று பலர் சொல்கிறார்கள். மேடையோரம் உட்கார்ந்து கவனித்த அளவில் நான் அதை ஏற்கவில்லை. ஒத்திகை இல்லாமல் இந்தக் கலை நடக்கிறதென்றால், ஒவ்வொருவரிடமும் அவ்வளவு பாடம் இருக்கிறது என்று அர்த்தம். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) கொடுத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுச் சொத்து. பபூனின் சரக்கோ மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வந்தது.

ராத்திரி பத்து மணிக்கு மேல், ஆர்மோனியக்காரரின் பாட்டு முடிந்ததும் பபூன் வருகிறார். சபைக்கு ஒரு கும்பிடு, ஒரு பாட்டு. பிறகு பக்கவாட்டில் திரும்பி மிருதங்கக்காரரிடம் ஆரம்பிக்கிறார்: "அண்ணே, நேத்து ஒரு கூத்துண்ணே." "என்னப்பா ஆச்சு?" கதை பழசு, மிருதங்கக்காரருக்கும் மனப்பாடம். ஆனாலும் அவரிடம் சொல்வதுபோல் சொல்வதில்தான் வித்தை இருக்கிறது. கொச்சையான பேச்சு வந்தாலும் சபையைப் பார்த்துச் சொன்னதாக ஆகாது. கூட்டம் ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். பபூனின் கண் மட்டும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமே இருக்கிறது. அங்கே முகம் சுளித்தால் பேச்சைப் பாதியில் மடக்கி மாமியார் கதைக்குத் தாவுகிறார். சிரிப்பு கிளம்பினால் இன்னும் இரண்டு சுற்று இழுக்கிறார். பக்கத்தாளம் போடும் ஆல்ரவுண்ட்காரர் அவர் மூச்சு நிற்கும் இடம் பார்த்து அடி கொடுக்கிறார். சொற்கள் பாடமானவை. எதை எடுப்பது, எங்கே விடுவது என்ற முடிவு மட்டும் அந்த நிமிடத்துக்குரியது. தற்செயல் என்று நாம் வியப்பது இந்த முடிவைத்தான்.

ஒரே கதையை ஊர் ஊராகச் சொல்வது ஏமாற்று இல்லையா என்று கேட்பார்கள். இதே ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்பில் ஆவணி மூலத்தன்று பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கிறது. பிரம்படி யார் முதுகில் விழும் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை, தெரிந்துதான் வருகிறார்கள். வள்ளி திருமணத்தில் வரும் வள்ளி–நாரதர் தர்க்கத்தைக் காட்டி, அங்கே என்ன கேள்வி வரும் என்று யாருக்கும் தெரியாதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மைதான், கேள்வி தெரியாது. ஆனால் பதில் வருவது எப்போதோ படித்து வைத்த புராணத்திலிருந்தும் பாட்டிலிருந்தும்தான். கைச்சரக்கு குறைந்தவர் அங்கே தடுமாறி நிற்பதைச் சபை உடனே கண்டுகொள்ளும். சென்னையில் ஸ்டாண்ட் அப் செய்கிறவர்களும் சின்னக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தேற்றுகிறார்கள்.

எனக்குள்ள கவலை மனப்பாடத்தைப் பற்றியது அல்ல, செல்போன் வீடியோவைப் பற்றியது. இப்போது தொழிலுக்கு வரும் பையன் ஒரு பபூனின் பேச்சை யூடியூபில் பார்த்து வரி பிசகாமல் ஒப்பிக்க முடியும். அதில் பபூனின் முகம் தெரியும், எதிரே இருக்கும் பெண்கள் பக்கம் தெரியாது. அன்றைக்கு அவர் எந்தக் கதையை எடுக்காமல் விட்டார் என்பதும் தெரியாது. நாடகம் பேச வரும் திருவிழாக் கமிட்டி, பபூனோடு கற்றுக்கொள்ளும் பையன் ஒருவனுக்கும் பஸ் காசும் சாப்பாடும் சேர்த்துப் பேசினால், விடியும்வரை அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு மேடையோரம் உட்கார வழியுண்டு.