ரீகா: வாடகை மலிவு, வரலாறு கனம்

வெளிநாட்டில் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: ஐரோப்பாவில் கையைக் கடிக்காத ஊர் எது? மூன்று மாதம் தங்கியிருந்த அனுபவத்தில் லாத்வியாவின் தலைநகர் ரீகாவைச் சொல்கிறோம். எங்கள் அறைக்கு மாதம் 250 யூரோ. கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, தயிர், புகையில் வாட்டிய மீன் எல்லாம் மத்தியச் சந்தையில் கிடைத்துவிடும். முதல் உலகப் போர்க்காலத்து செப்பலின் வான்கப்பல் கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு கட்டி, 1930இல் திறந்த சந்தை அது. பார்க்கவே ஒரு நாள் போதாது.

வாடகை குறைந்த இடமாகத் தேடிப் போய் நாங்கள் சேர்ந்தது சந்தைக்குப் பின்னால், மாஸ்கோ புறநகர் என்று பழைய பெயர் கொண்ட பகுதி. 1941இல் நாஜிகள் யூதர்களை முள்வேலிக்குள் அடைத்தது இங்கேதான். அந்த ஆண்டு நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில் சுமார் 25,000 பேரை ரும்புலா காட்டுக்கு நடத்திச் சென்று சுட்டுக் கொன்றார்கள். உள்ளூர் லாத்வியக் காவல் படையினரும் அதில் கூட்டு. அந்தத் தெருக்களில்தான் தினமும் பால் வாங்கப் போனோம்.

பழைய நகரத்தில் ஒரு வீட்டின் உச்சியில் முதுகை வளைத்து நிற்கும் பூனைச் சிலையைக் காட்டி வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். எதிரே இருக்கும் பெரிய வணிகர் சங்கம் ஒரு வியாபாரியைச் சேர்க்க மறுத்ததாம். அவர் பூனையின் பின்புறத்தைச் சங்கத்தை நோக்கித் திருப்பி வைத்தாராம். எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கதை கட்டுக்கதையாகவே இருக்கட்டும், அடைத்த கதவு உண்மை. சங்கங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஜெர்மானியர் கையில் இருந்தன. மண்ணின் மக்களுக்கு அன்றைய ஆவணங்கள் வைத்த பெயர் ‘ஜெர்மானியர் அல்லாதோர்’. நீ யார் என்று கேட்டால், நீ யார் இல்லை என்பதே பதில். ‘அவர்ணர்’ என்ற சொல்லை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிராமங்களில் அவர்கள் ஜெர்மானியப் பண்ணையார்களின் அடிமைகள். குர்லாந்தில் 1817இலும் லிவ்லாந்தில் 1819இலும் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆள் விடுதலையானார், நிலம் பண்ணையாரிடமே நின்றது. லாத்வியர்கள் இதை ‘பறவையின் விடுதலை’ என்கிறார்கள். எங்கும் பறக்கலாம், உட்காரும் கிளை உன்னுடையது அல்ல. குடும்பப் பெயர்கூட அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வந்தது. இன்று எங்கு பார்த்தாலும் தென்படும் பெர்ஸின்ஷ் என்ற பெயருக்குச் சின்ன பிர்ச் மரம் என்று பொருள்.

நூறு ஆண்டு காத்திருந்தார்கள். 1918இல் தனி நாடு ஆனதும், 1920இலேயே நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். பண்ணையாருக்கு 50 ஹெக்டேர் வரை விட்டுவிட்டு மீதியை எடுத்து நிலமற்றவர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இழப்பீடும் கிடையாது. நமக்குப் பஞ்சமி நில ஆணை வந்தது 1892இல், அவர்களுடைய சட்டத்துக்கு 28 ஆண்டு முன்னால். அந்த நிலத்தை இன்னும் மனு போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம். வித்தியாசம் சட்டத்தில் இல்லை, ஆட்சி யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது.

இனி அடுப்படிக்கு வருவோம். எங்கள் வீட்டில் நம் நாட்டு மாணவர்கள் மூன்று பேர் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். முதல் வாரம் நல்ல பழக்கம். இரண்டாம் வாரம் எங்களில் ஒருவரிடம், “ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?” என்று விசாரணை. மறைக்காமல் சொன்னோம். அடுத்த நாள் பொதுவாக இருந்த தோசைக்கல் அவர்கள் அறைக்குள் போய்விட்டது. கேட்டதற்கு, “சும்மா, சுத்தத்துக்குத்தான்” என்றார் ஒருவர். ரீகாவில் எவருக்கும் நம் தெரு தெரியாது. தெரிந்தவர்கள் விமானத்தில் கூடவே வந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்காரம்மா ரஷ்ய மொழிக்காரர், ரீகாவிலேயே பிறந்தவர், ஆனால் குடியுரிமை இல்லை. சோவியத் காலத்தில் வந்து குடியேறியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் 1991க்குப் பிறகு குடியுரிமை தானாகக் கிடைக்கவில்லை. ‘குடிமகன் அல்லாதவர்’ என்று தனிக் கடவுச்சீட்டு. நகராட்சித் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. மீண்டும் ஓர் ‘அல்லாதவர்’! ஆனாலும் இதையும் சாதியையும் ஒரே தட்டில் வைக்க நாங்கள் தயாரில்லை. மொழித் தேர்வும் வரலாற்றுத் தேர்வும் எழுதினால் அவர் குடிமகள் ஆகலாம். 2020 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தப் பட்டமே இல்லை. சாதியிலிருந்து தேர்வு எழுதி வெளியே வந்தவர் உண்டா?

கல் விஷயத்தைக் கைபேசி மொழிபெயர்ப்பில் அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. கேட்டு முடித்து, அடுப்பு தன்னுடையது, அதில் ஏறும் பாத்திரம் எல்லோருக்கும் பொது, முடியாதவர்கள் வேறு வீடு பார்க்கலாம் என்று தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். மாதக் கடைசியில் ஒருவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். கல்லையும் எடுத்துப் போய்விட்டார். மீதி இருவரும் நாங்களும் காசு போட்டுச் சந்தையில் ஒரு வாணலி வாங்கினோம், 9 யூரோ. தோசை சரியாக வரவில்லை, ஆனால் மீன் நன்றாக வறுபட்டது.